ஞாயிறு தொடும் கோடு

ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்களின் மூன்றாம் வார இறுதியில் பிரான்சு நாடு தன் பழம்பெரும் கட்டடங்களின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து விடுகிறது. இவ்வழக்கம் 1984-ஆம் ஆண்டில் தொடங்கியது. மற்ற நாட்களில் எளிதில் நுழைய இயலாத இடங்களையும் அவ்விரு நாட்களில் எவரும் காணலாம். அத்தகைய ஒரு நாளில் பாரிஸ் வானாய்வு நிலையத்தைக் காணும் பேறு நமக்குக் கிட்டியது.

பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1667 ஜூன் 21 அன்று, இக்கட்டடத்தின் திசைக்கோடுகள் நிலத்தில் குறிக்கப்பட்டன. குளோட் பெரோ என்பார் இதை வடிவமைத்தார். காந்த ஊசி பிறழலாகாது என்று இரும்பை விலக்கினர். தீக்கு அஞ்சி மரத்தை விலக்கினர். கல்லைக் கொண்டே எழுப்பினர். நாற்புறச் சுவர்களும் நான்கு திசைகளை நேராக நோக்கி நிற்கின்றன.

மேல்மாடியில் காசினி கூடம் என்னும் பெரிய அறை உள்ளது. அதன் தளத்தில், தெற்கிலிருந்து வடக்காக, ஏறக்குறைய 32 மீட்டர் நீளத்திற்குப் பித்தளைக் கோடு பதிக்கப்பட்டுள்ளது. உயரே ஒரு சிறு துளை. நண்பகலில் அதன் வழியே நுழையும் கதிரவனின் ஒளிவட்டம் அக்கோட்டைக் கடக்கும். கோடையில் அது தென்முனையருகே விழும். குளிர்காலத்தில் வடமுனை நோக்கி நகரும். கதிரவனே தன் கணக்கைத் தன் கையால் எழுதுவது போன்ற ஏற்பாடு இது.

இக்கூடத்திற்குப் பெயர் தந்த காசினி குடும்பத்தின் முதல்வர் 1669-ல் இத்தாலியிலிருந்து பாரிசுக்கு வந்தவர். அவர் இத்தகைய கோட்டை முதலில் வரைந்தது எங்கே தெரியுமா? ஓர் ஆலயத்தில்! பொலோஞா நகரின் புனித பெத்ரோனியுஸ் பெருங்கோவில் தளத்தில், 1655-ஆம் ஆண்டில் வரைந்தார். உயிர்ப்புப் பெருவிழாவின் நாளைக் கணிக்க, இளவேனிலில் பகலும் இரவும் சமமாகும் நாளைத் திருச்சபை செம்மையாக அறிய வேண்டியிருந்தது. அவ்வாலயத்தில் விழுந்த ஒளிவட்டத்தின் அளவு ஆண்டு முழுதும் மாறுவதை அளந்த காசினி, கெப்ளரின் கணக்கே பொருந்துகிறது என்றும் கண்டார்.

அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1633-ல், கலிலேயோவைத் தண்டித்ததும் திருச்சபையின் மன்றமே. அத்தவறைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-ல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். அவ்வரலாற்றை மறைப்பது நமக்கு அழகன்று. ஆயினும் அதுவே முழு வரலாறும் அன்று.

இந்நிலையத்தின் தொடக்க கால அறிஞருள் ஒருவரான ழான் பிகார் ஒரு குருவானவர். பூமியின் அளவை 1669-70-இல் அவர் அளந்து சொன்ன கணக்கு நியூட்டனுக்கும் உதவிற்று. நம் மண்ணுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சயாம் நாட்டுக் கலகத்திற்குப் பின் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, 1689 டிசம்பரில் ஒரு வால்மீனை நோக்கிக்கொண்டிருந்தார். அப்போது ஆல்ஃபா சென்டாரி என்னும் தென்வான் விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்பதைத் தொலைநோக்கியில் கண்டார். நம் கதிரவனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குடும்பம் அது. திருப்பலி நிறைவேற்றிய அதே கைகளே தொலைநோக்கியையும் ஏந்தின.

நம் இல்லங்களில் என்ன நிகழ்கிறது? ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பில் படைப்பைப் பற்றிக் கேட்ட பிள்ளை, திங்களன்று பள்ளியில் விண்மீன்களின் வயதைக் கற்று வருகிறது. "அம்மா, இவற்றில் எது உண்மை?" என்று வினவுகிறது. "சாமி காரியத்தில் கேள்வி கேட்காதே" என்று நாம் வாயடைத்துவிடுகிறோம். அன்று அடங்கும் அப்பிள்ளை, வளர்ந்தபின் ஆலயத்தையே விட்டு அகலக்கூடும்.

பெற்றோரே, பிள்ளையின் வினாவுக்கு அஞ்ச வேண்டாம். விடை தெரியாவிடில், அதனோடு சேர்ந்து தேடுவோம். உயிர்ப்புப் பெருவிழாவின் நாளை அறிய ஆலயத் தளத்திலேயே கோடு வரைந்து, கதிரவனிடம் கேட்டறிந்தவர்களின் வழிவந்தவர் நாம். உண்மை எங்கே கிடைத்தாலும் அது இறைவனுடையதே.