சாம்பிள் ஓகே ஆச்சுங்களா?

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டர் எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு சாதாரண டி-ஷர்ட்தான். அதற்கு நடக்கும் சம்பிரதாயங்களைப் பார்த்தால் கொங்குநாட்டுக் கல்யாணச் சீர்களே தோற்றுப்போகும்!

முதலில் கலருக்கு லேப் டிப். பையர் சரி என்று சொன்னால்தான் டையிங். அப்புறம் அளவு பார்க்க ஒரு சாம்பிள். துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று ஒரு டெஸ்ட். பல்க் போடுவதற்கு முன்னால் இன்னொரு சாம்பிள். கடைசி ஓகே வந்த பிறகுதான் கட்டிங் டேபிளில் துணி விரியும். அவசரப்பட்டு முன்னாடியே வெட்டிவிட்டால் மொத்தச் சரக்கும் முதலாளி தலையில்தான்.

இவ்வளவு உஷாரான ஊரில், ஒரு மனுஷியின் தோள்பட்டைக்கு மட்டும் சாம்பிள் பார்க்காமலே பல்க் போடக் கிளம்பியிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அங்கே சின்னதாக ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். அவரிடம் பல வருஷமாக ஓவர்லாக் மெஷின் ஓட்டும் அம்மா ஒருவர். நாற்பதைத் தாண்டிய வயசு. பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். சீசன் வந்தால் ஒன்றரை ஷிஃப்ட். திடீரென்று வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. தோளில் தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார் நைந்திருக்கிறது என்றார் டாக்டர். பிசியோதெரபி செய்ய வேண்டும், மூன்று மாசம் மெஷினில் உட்காரக் கூடாது. அதுதான் அவர் சொன்ன வைத்தியம்.

அந்த அம்மாவின் பையன் போகிற ஜிம்மில் ஒருவர் வேறு வழி சொல்லியிருக்கிறார். 'எதுக்கு மூணு மாசம்? பெப்டைடு ஊசி இருக்கு. சீக்கிரம் ஒட்டிக்கும்!' விலை, அந்த அம்மாவின் சில வாரச் சம்பளம்.

நண்பர் எனக்குப் போன் போட்டார். "ஏனுங்க, நீங்க பத்திரிகைக்காரர். பாதிக் காசு நான் போடறேன்னு சொல்லிட்டேன். நல்லதாங்கன்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

நான் படித்தது பி.காம். மருந்தின் உள்விவகாரம் தெரியாது. ஆனால் வரவு எது, பற்று எது என்று பார்க்கத் தெரியும். பார்த்தேன்.

பெப்டைடு என்பது ஒன்றும் மாயமந்திரம் இல்லை. அமினோ அமிலங்கள் மணிமணியாகக் கோத்த ஒரு சின்னச் சங்கிலி. 1922-லிருந்து மனிதர்களுக்குப் போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலினும் பெப்டைடுதான். அதனால் பெப்டைடு என்றாலே பயப்படத் தேவையில்லை.

ஜிம்காரர் சொன்ன சரக்கின் பெயர் பி.பி.சி.-157. பதினைந்து மணி கோத்த சங்கிலி. இரைப்பைச் சாற்றிலுள்ள ஒரு புரதத்திலிருந்து வந்தது என்று சொல்லி, குரோஷியாவின் ஜாக்ரெப் நகர ஆராய்ச்சியாளர்கள் 1990-களிலிருந்து இதைப் பற்றி எழுதிவருகிறார்கள். எலியின் குதிகால் நாரை அறுத்துவிட்டு இதைக் கொடுத்தால் வேகமாகக் கூடுகிறது என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. எலிகள் கணக்கில் வரவு நிறையத்தான் இருக்கிறது.

மனிதர்கள் பக்கத்தைப் புரட்டினால் ஏறக்குறைய காலி. 2021-ல் முழங்கால் வலிக்காக ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. மொத்தம் பதினாறு பேர். ஒப்பிட்டுப் பார்க்க, ஊசி போடாத இன்னொரு குழுகூட இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022-ல் இதைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது (வீட்டில் போட்டிகளில் ஓடும், ஆடும் பிள்ளைகள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்). அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., 2023-ல் இதைப் பாதுகாப்புச் சந்தேகம் உள்ள பொருட்களின் வரிசையில் வைத்தது. தயாரிப்பில் கலக்கும் மாசு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி காட்டக்கூடிய எதிர்வினை, மனிதர்களைப் பற்றிய போதாத தகவல்... இவைதான் காரணங்கள். இது புது ரத்தக் குழாய்களை வளர்க்கும் என்கிறார்கள். நாருக்கு அது நல்லதுதான். உடம்பில் தெரியாமல் ஒரு கட்டி ஒளிந்திருந்தால்?

தேர்வு எழுதிப் பாஸான பெப்டைடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் டெரிபாரடைடு. 34 மணி. 1,637 பெண்களிடம் சோதித்து, முடிவு 2001-ல் வெளியானது. மறு வருஷம் அமெரிக்காவில் அனுமதி. எலிகளுக்கு இதனால் எலும்புப் புற்று வந்ததால் கடுமையான எச்சரிக்கையோடுதான் கொடுத்தார்கள். வருஷக்கணக்கில் நோயாளிகளைக் கவனித்து, மனிதர்களிடம் அந்த ஆபத்து தெரியவில்லை என்ற பிறகு 2020-ல்தான் எச்சரிக்கையின் கடுமையைக் குறைத்தார்கள். எலிக்கு ஆனது மனிதருக்கு ஆகாமல் போகலாம். எலிக்கு ஆகாதது நமக்கு ஆகலாம். சோதிக்காமல் எதுவும் தெரியாது!

நண்பரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பதினாறு பீஸ் தைச்சுப் பார்த்தாங்க. பையர் ஓகே பண்ணலை. லேபிள்ல 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல'ன்னு போட்டு விக்கறாங்க. நீங்க பல்க் கட்டிங் போடுவீங்களா?"

சிரித்தார். "போடமாட்டேனுங்க." பிறகு சிரிப்பு நின்றது. "சரிங்க... மூணு மாசம் அந்தம்மா சோத்துக்கு என்ன பண்ணும்?"

அதுதான் கேள்வி, வாசகர்களே! நாருக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் மெதுவாகத்தான் ஆறும். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அந்த மெதுவைத் தாங்கச் சக்தி இல்லை. ஊசிக்காரர் மருந்து விற்கவில்லை, நாளை விற்கிறார்.

அந்த நாளைத் தருவதற்கு 1948-லேயே சட்டம் போட்டுத் தொடங்கியது இ.எஸ்.ஐ. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவிகிதம், முதலாளி பங்கு 3.25 சதவிகிதம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்து, வேலை செய்ய இயலாது என்று டாக்டர் சான்றும் இருந்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவிகிதச் சம்பளம் கிடைக்கும். மூன்று மாச பிசியோ என்பது ஏறக்குறைய பன்னிரண்டு வாரம், 84 நாள். பி.காம். கணக்கு சரியாக வருகிறது, இல்லையா? 2019-ல் அடிக்கல் நாட்டிய 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் 2024 பிப்ரவரியில் திருப்பூரில் திறந்தாகிவிட்டது.

"அந்தம்மா பேர் இ.எஸ்.ஐ.யில இருக்கா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "இருக்குங்க. சம்பளந்தான் கம்மியாக் காட்டியிருக்குது."

கம்மியாகக் காட்டினால் அந்த 70 சதவிகிதமும் கம்மியாகத்தான் வரும். ஊசிக்குப் போடுவதாகச் சொன்ன பணத்தை வாராவாரம் அந்த அம்மா கையில் கொடுத்துவிடுவதாக நண்பர் சொன்னார். கொடுக்கிறார். அந்த அம்மா பிசியோவுக்குப் போய்வருகிறார். வலி முழுசாகப் போகவில்லை. கை காதுவரை எழும்புகிறது.

நாளைக்கே பி.பி.சி.-157 சோதனையெல்லாம் தாண்டிப் பாஸாகலாம். ஆனால் அதைச் சோதிப்பவர்கள் உங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும், ஏதாவது ஆனால் நஷ்டஈடு தர வேண்டும். 2019-ல் வந்த நம் ஊர் விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. காசையும் நீங்களே கொடுத்து, சோதனை எலியாகவும் நீங்களே இருப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

இந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது, இ.எஸ்.ஐ.யில் உங்கள் பெயருக்கு நேராக என்ன தொகை எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் சம்பளம் கொடுப்பவராக இருந்தால், அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே பார்த்துவிடுங்கள்.