லீசியப் பாதையில் நான்கு நாட்கள்

நடப்பதற்காகவே விடுமுறை எடுத்துக்கொண்டு வெளிநாடு செல்வது எம்மவர்கள் பலருக்கு இன்னும் வேடிக்கையாகவே தோன்றுகிறது. வாகனம் இருக்க ஏன் நடக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஐரோப்பியரிடையே இது நீண்டகாலமாக நிலைபெற்றுவிட்ட வழக்கம். வழிகாட்டி எவரும் உடன் வருவதில்லை. ஒரு வரைபடம், வழிக்குறிப்புகள் அடங்கிய சில தாள்கள், தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றுடன் காலையில் ஒரு கிராமத்திலிருந்து புறப்பட்டு மாலையில் அடுத்த கிராமத்தை அடைய வேண்டும். பயணப் பெட்டியை மட்டும் விடுதிக்காரர்கள் வாகனத்தில் முன்னதாக அனுப்பி வைத்துவிடுவார்கள்.

லண்டனில் வாழும் பழைய பத்திரிகை நண்பர் ஒருவருடன் 2018 ஒக்டோபரில் துருக்கியின் தென்மேற்குக் கரையோர மலைகளில் இவ்வாறு நான்கு நாட்கள் நடந்தேன். அங்குள்ள நடைபாதைக்கு லீசியப் பாதை என்று பெயர். தமிழ் விவிலியத்தில் பவுலின் கடற்பயணத்தைப் படித்தவர்களுக்கு லீசியா நாடும் மீறா பட்டணமும் நினைவிருக்கும். அந்த லீசியாதான் இது. துருக்கியில் குடியேறிய கேற் குளோ என்ற ஆங்கிலப் பெண்மணி, ஆட்டிடையர் தடங்களையும் பழைய கழுதைப் பாதைகளையும் உரோமர் காலத்து வீதித் துண்டுகளையும் தேடி இணைத்து, 1999 இல் இதனைத் திறந்து வைத்தார். ஃபெத்தியே நகருக்கு அருகில் தொடங்கி அன்ரலியா வரை சுமார் 540 கிலோமீற்றர் செல்லும் இப்பாதையை முழுமையாக நடக்க ஏறத்தாழ ஒரு மாதம் வேண்டும். எங்கள் வயதுக்கு நான்கு நாட்களே போதுமானதாக இருந்தது.

பண்டைய லீசியர்கள் பாறைகளைக் குடைந்து கல்லறைகளை அமைத்தவர்கள். அவர்களைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 23 நகரங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக இயங்கின என்றும், பெரிய நகருக்கு மூன்று வாக்குகள், நடுத்தர நகருக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று என்ற முறை இருந்தது என்றும் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சு அறிஞர் மொந்தெஸ்கியூ இதனைச் சிறந்த கூட்டாட்சிக்கு உதாரணமாகப் பாராட்டினார். சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டாலே பதறுகின்ற நாட்டிலிருந்து சென்றவன் என்பதால், அந்த மலைகளைச் சற்றுப் பொறாமையோடுதான் பார்த்தேன்.

எங்கள் நடை காயாக்கோய் என்ற ஊரில் தொடங்கியது. மலைச்சரிவு முழுவதும் நூற்றுக்கணக்கான கல் வீடுகள். ஏறத்தாழ எதற்குமே கூரை இல்லை, கதவும் இல்லை. அறைகளுக்குள் அத்தி மரங்கள் வளர்ந்திருக்கின்றன. சில சுவர்களில் நீலச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வீடு மற்ற வீட்டின் வெளிச்சத்தை மறைக்காதபடி படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். மழைநீரைச் சேமிக்கும் தொட்டிகளும் காணப்படுகின்றன. இவ்வூரின் பழைய பெயர் லெவிசி. கிரேக்க மரபுவழிக் கிறிஸ்தவர்கள் இங்கு வாழ்ந்தார்கள். கீழே சமவெளியில் முஸ்லிம்கள் வயல் செய்தார்கள்.

முதலாம் உலகப் போரும் அதனைத் தொடர்ந்த கிரேக்க - துருக்கிப் போரும் இந்த அயலுறவை முடித்து வைத்தன. 1923 ஜனவரி 30 ஆம் திகதி லொசானில் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. துருக்கியில் வாழ்ந்த மரபுவழிக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்களிக்கப்பட்டது. மற்றவர்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. முன்னரே ஓடிப்போனவர்களையும் சேர்த்தால், பத்து இலட்சத்துக்கும் அதிகமான கிறிஸ்தவர்களும் மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமான முஸ்லிம்களும் ஊரிழந்தார்கள். இந்தப் பரிமாற்ற யோசனைக்குப் பின்னால் நின்றவர்களில், 1922 இல் சமாதானத்துக்கான நொபெல் பரிசு பெற்ற நான்சனும் ஒருவர்.

மதமே அங்கு அளவுகோலாக இருந்தது. துருக்கி மொழியை மட்டுமே பேசிய கிறிஸ்தவர்கள், சொல் புரியாத கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். கிரேக்கம் பேசிய கிரேத்தா தீவின் முஸ்லிம்கள் துருக்கிக்கு வந்தனர். லெவிசி மக்களில் பலர் ஏதென்ஸ் அருகே நியா மக்ரி என்ற ஊரை உருவாக்கினர். ஃபெத்தியேயின் பழைய பெயர் மக்ரி. நியா என்றால் புதிய. விட்டு வந்த ஊரின் பெயரையாவது கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள். காலியான மலை வீடுகளில் பின்னர் எவரும் நிலையாகக் குடியேறவில்லை. 1957 இன் நிலநடுக்கம் எஞ்சியிருந்தவற்றையும் சிதைத்தது.

ஒரு வீட்டின் அடுப்படியில் நண்பர் நெடுநேரம் நின்றார். "இஞ்சை பாரும், புகைக் கறை இன்னும் போகேல்லை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அவர் மயிலிட்டியைச் சேர்ந்தவர். 1990 இல் இடம்பெயர்ந்த குடும்பம். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள், சுமார் 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேர அவகாசமே. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தின் இலட்சக்கணக்கான தமிழ் மக்கள், முன்னேறிவந்த இராணுவத்துக்கு அஞ்சி, இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். எங்கள் தலைமுறைக்கு நெடுநடை என்றால் அதுதான் நினைவில் வரும். முதுகில் சிறுபையுடன், இரவு உணவு காத்திருக்கும் விடுதியை நோக்கி நடப்பது எத்தகைய சலுகை என்பதை அன்று உணர்ந்தேன்.

காயாக்கோயிலிருந்து பைன் காட்டினூடாக ஒலுதெனிஸ் கடற்கரைக்கு இறங்கும் பாதை சுமார் எட்டுக் கிலோமீற்றர். மறுநாள் பாபாதா மலையின் பக்கச்சரிவில் ஏறினோம். அம்மலை 1,900 மீற்றருக்கும் மேல் உயரமானது. உச்சியிலிருந்து பாராசூட் போன்ற வண்ணக் குடைகளில் குதிப்பவர்கள் எங்கள் தலைக்கு மேலே மிதந்து சென்றார்கள். பாறைகளில் தீட்டப்பட்ட சிவப்பு வெள்ளைக் கோடுகள்தான் வழிகாட்டி. சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால் அது தவறான திசை. இடையிடையே கல்லால் கட்டிய குவிமாடத் தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. மந்தைகளுக்கும் வழிப்போக்கர்களுக்குமாக முன்னோர் கட்டியவை.

கிர்மே என்ற சிற்றூருக்கு அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி எங்களைப் பார்த்து "கொலாய் கெல்சின்" என்றார். "எளிதாகட்டும்" என்பது பொருள். பாடுபடுகிற எவரைக் கண்டாலும் துருக்கியர் இப்படி வாழ்த்துவார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு அது மிகவும் பொருத்தமாக இருந்தது.

அன்றிரவு ஃபராலியாவில் தங்கினோம். செங்குத்தான பாறைகளுக்குக் கீழே வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்கு தெரிகிறது. அதற்குள் மலையிலிருந்து இறங்கும் வழி கயிற்றைப் பிடித்துச் செல்லும் ஆபத்தான வழி என்பதால் மேலிருந்தே பார்த்துக்கொண்டோம். தக்காளிச் சாறு, கத்தரிக்காய், தயிர், சுடச்சுட ரொட்டி என்று உணவு வந்தது. வீட்டுக்காரப் பெண்மணியின் பேரன் கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினான். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்களாம். நடந்து வருகிறவர்கள் இல்லையென்றால் இந்த வீட்டையும் பூட்டியிருப்போம் என்றார் அவர். ஊர்கள் வெறுமையாவதற்கு எப்போதும் ஓர் உடன்படிக்கை தேவைப்படுவதில்லை.

போக விரும்புபவர்களுக்கு ஒரு சொல். ஏப்ரல், மே அல்லது ஒக்டோபர் நல்ல காலம். கோடையில் வெயில் கொடியது; தொட்டிகளும் வற்றிவிடும். கூர்மையான சுண்ணாம்புக் கற்கள் நிறைந்த பாதை என்பதால் உறுதியான காலணி அவசியம்.

மூன்றாம் நாள் கபாக் குடாவில் தங்கி, நான்காம் நாள் செங்குத்தான ஏற்றத்தில் அலின்ஜாவை அடைந்தோம். கடலிலிருந்து 700 மீற்றருக்கும் மேலே ஒரு சின்னஞ்சிறு ஊர். தேநீர் குடிக்கும்போது நண்பர் தன் வீட்டைப் பற்றிப் பேசினார். 2017 இல் மயிலிட்டியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது ஒருமுறை போய்ப் பார்த்தாராம். கூரை இல்லை, நிலைகளும் இல்லை, கிணறு மட்டும் இருந்ததாம். பத்து நிமிடங்கூட நிற்காமல் திரும்பிவிட்டாராம்.

"லெவிசிச் சனங்களுக்குத் திரும்பி வர உரிமை இல்லை. எனக்கு இருக்கு. அடுத்த முறை வரேக்கை மயிலிட்டியிலை இருந்து கீரிமலை மட்டும் நடப்பம். நீரும் வாரும்" என்றார்.

வருகிறேன் என்று சொன்னேன். அந்த நடையை நாங்கள் இன்னும் நடக்கவில்லை.