கேட்காமல் கொடுக்கும் கை

பேட்வாட்டர் 135 ஓட்டப் பந்தயத்தில் வழியில் தண்ணீர்ப் பந்தல் கிடையாது. கலிபோர்னியாவின் டெத் வேலியில், கடல்மட்டத்துக்கு 85 மீட்டர் கீழே கிடக்கும் உப்புப் படுகையில் கிளம்பி, விட்னி மலை ஏறும் பாதையின் வாசலில் முடிகிற 217 கிலோமீட்டர். மாதம் ஜூலை. கெடு 48 மணி நேரம். ஓடுபவருக்குக் குடிக்க, தின்ன, உடம்பைக் குளிர்விக்க வேண்டியதையெல்லாம் அவருடைய ஆட்களே வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த ஆட்களுக்கு 'க்ரூ' என்று பெயர். என் நண்பர் ஓடினார். நாங்கள் 4 பேர் க்ரூ. அதில் கற்றுக்குட்டி நான்.

எங்கள் தலைவி ஓய்வுபெற்ற செவிலியர். பல வருடங்களாக அந்தச் சாலையில் மற்றவர்களுக்காக நின்றவர். பந்தயத்துக்கு முன்பே ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் எனக்குப் பாடம் தொடங்கிவிட்டது. முதல் பாடம், பாட்டில் கொடுப்பது. நான் நடுவில் இறுகப் பிடித்து நீட்டினேன். நண்பர் ஓடிவந்து பிடுங்க வேண்டியதாயிற்று. பாதித் தண்ணீர் தரையில். "அடியில் மூன்று விரலால் தாங்கு. அவர் பிடித்த நொடியில் உன் விரல்கள் அங்கே இருக்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்து நீட்டாதே, நாலு எட்டு கூடவே போ" என்றார். அன்று எத்தனை முறை கொடுத்தேன் என்று எண்ணவில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் பாட்டில் என் கையிலிருந்து எடை தெரியாமல் போயிற்று.

பந்தயம் இரவு 8 மணிக்குத் தொடங்கியது. இருட்டிய பிறகும், செங்கல் சூளைப் பக்கம் போனதுபோலக் காற்று முகத்தில் அடித்தது. கழுத்தில் கட்டும் ஐஸ் துணி என் பொறுப்பு. பருத்தித் துணியில் ஐஸைப் போட்டுச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றிக் கட்டுவது. பெரிய கட்டிகளை அடைத்து இறுக்கி முறுக்கினேன். இரண்டு மைல் கழித்து நண்பர் கழுத்தின் பக்கவாட்டில் தோல் சிவந்து உரிந்திருந்தது. தலைவி துணியைப் பிரித்து, கட்டிகளை நொறுக்கி, தளர்வாகச் சுருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். ஈர மணல் நிரம்பிய பைபோல அது நெளிந்தது. "கையில் இப்படி நெளிந்தால்தான் கழுத்தில் உட்காரும்."

அடுத்த தவறு இன்னும் மோசம். வாய்க்குப் போகும் ஐஸ் ஒரு பெட்டி, உடம்புக்குப் போடும் ஐஸ் இன்னொரு பெட்டி. அவசரத்தில், களிம்பு பூசிய கையை வாய்க்கான பெட்டியில் விட்டுவிட்டேன். தலைவி ஒரு வார்த்தை பேசாமல் பெட்டி முழுவதையும் சாலையோரம் கொட்டினார். அடுத்த கடைக்கு இன்னும் பல மைல் இருந்தது. வாயில் போட ஒரு துண்டு ஐஸ் இல்லாமல் நண்பர் அந்தத் தூரத்தைக் கடந்தார். கொட்டிய இடத்தில் கரிய ஈரத் திட்டு சீக்கிரமே காய்ந்து மறைந்தது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

விடியும் நேரம் ஸ்டோவ்பைப் வெல்ஸ் ஊரைத் தாண்டினோம். அங்கிருந்து டவுன் கணவாய்க்கு 17 மைல் ஏற்றம், வெயில் ஏற ஏற. ஒவ்வொரு நிறுத்தத்திலும் "என்ன வேணும்?" என்று கேட்டேன். நண்பர் என்னைப் பார்த்துக்கொண்டே நிற்பார், பதில் வராது. பதில் வராதபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். அதுதான் அக்கறை என்று நினைத்தேன். உப்புக் கரைசல் கொடுத்தேனா என்று, கொடுத்ததையெல்லாம் எழுதும் குறிப்பேட்டைப் பார்க்கவில்லை. மூன்று நிறுத்தங்களுக்கு எழுதவே இல்லை.

தலைவி சாலையைக் கடந்து போய் நண்பரின் இடது மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரப் பட்டையை மெல்லத் தள்ளினார். பட்டை இருந்த இடத்தில் தோல் குழிந்து, இரண்டு பக்கமும் சதை மேடு கட்டியிருந்தது. மோதிரம் சுழலவில்லை. எடை போட்டுப் பார்த்தோம்: கிளம்பியபோது இருந்ததைவிட 2 கிலோ அதிகம். பாலைவனத்தில் ஓடுகிற மனிதருக்கு எடை கூடக் கூடாது. வியர்வையில் உப்புப் போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். மூளை வீங்கி உயிர் போகவும் கூடும். அதை நான் படித்திருந்தேன். ஆனால் அந்தக் குழியை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய இடத்தில் நின்றவன் நான்தான்.

தலைவி தண்ணீரை நிறுத்தினார். நண்பரை நாற்காலியில் உட்காரவைத்து, உப்பான சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். நண்பர் சிறுநீர் கழிக்கும் வரை 50 நிமிடம் காத்திருந்தோம். தலைவி என்னைத் திட்டவில்லை. பென்சிலைக் கையில் கொடுத்து, "களைத்தவரிடம் கேட்காதே. பார். பார்த்ததை எழுது. எழுதியதை வைத்துக் கொடு" என்றார்.

அன்று மதியம் பானமின்ட் பள்ளத்தாக்கு. தார்ச்சாலையின் சூட்டில் நண்பர் வெள்ளைக் கோட்டின்மேலேயே கால் வைத்து ஓடினார். தூரத்தில் வரும்போதே அவருடைய வலது கை வீச்சு குறைந்து, விலாவோடு ஒட்டுவது தெரிந்தது. காலையிலும் உப்புக் கரைசல் தள்ளிப்போனபோது இப்படித்தான் ஒட்டியது என்று குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. உப்புக் கரைசலை அடியில் மூன்று விரலால் தாங்கி, தொப்பிக்குள் நொறுக்கிய ஐஸ் போட்டு, சாலையைக் கடந்து நாலு எட்டு கூடப் போனேன். எதுவும் கேட்கவில்லை. அவர் குடித்தார், தொப்பியை மாட்டினார், போனார். அடுத்த வளைவில் கை மறுபடி வீசத் தொடங்கியது.

இரண்டாவது இரவு, லோன் பைன் ஊர், பிறகு கடைசி மலையேற்றம். 40 மணி நேரம் ஆகியிருந்தது. வழக்கப்படி நாங்கள் நால்வரும் அவரோடு சேர்ந்து முடிவுக்கோட்டைத் தாண்டினோம். எல்லாரும் கட்டிக்கொண்டபோது நான் அவர் இடது கையைப் பிடித்துக் கடிகாரப் பட்டையைத் தள்ளிப் பார்த்தேன். குழி இல்லை. நிமிர்ந்தால், தலைவி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஒருமுறை அசைத்துவிட்டு, பெட்டியில் மிச்சமிருந்த ஐஸ் தண்ணீரைக் கொட்டப் போனார். மறுபக்கப் பிடியை நான் தூக்கினேன்.