கார் து நோரில் ஒரு தலைப்பாகை

போன ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். மலையடிவாரத்தில் ஒலிபெருக்கியில் அந்த அம்மாள் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. 2016இல் பாரிஸில் நான் அவளைத் தொலைத்த கதை எங்கள் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இதுவரை நான் சொன்னதெல்லாம் என் தப்பைக் கழித்துவிட்டுச் சொன்னது. இன்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியும். 1954 நவம்பரில் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறினாலும், சட்டப்படி ஊர் இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. அதனால் பெரியப்பா மகன் பாரிஸுக்கு வடக்கே சார்செலில் குடியிருக்கிறார். நான் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான திருத்தணியில் குடியிருக்கிறேன்.

மனைவி பிறந்தபோது திருத்தணி ஆந்திராவில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 முதல்தான் நம் பக்கம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். கல்யாணத்துக்கு முன்பே இந்திப் பிரசார சபையில் பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா வரை எழுதிப் பாஸ் செய்திருக்கிறாள். "இந்த இந்தியை வைத்துக்கொண்டு திருத்தணியில் யாரோடு பேசப் போகிறாய்?" என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

அண்ணன் அழைத்ததன் பேரில் ஒரு மாதம் பாரிஸ் போனோம். மூன்றாம் நாளே, துணைக்கு வருகிறேன் என்ற அண்ணனை மறுத்துவிட்டு, "எனக்குத் தெரியாத பிரெஞ்சா?" என்று அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். லா ஷப்பேல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன; மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான். பிள்ளையாரைக் கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு, கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

திரும்பும் வண்டி கார் து நோர் நிலையத்தில், பூமிக்கு அடியில். நம் சென்ட்ரலும் எழும்பூரும் சேர்ந்தாற்போல் கூட்டம். புறநகர் வண்டிகளில் பி லைன் விமான நிலையப் பக்கம் போகும். டி லைன் எங்கள் சார்செல் பக்கம். இரண்டும் ஒரே பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் வந்து நிற்கும். மேலே தொங்கும் பலகையில் எந்த வண்டி எங்கே நிற்கும் என்று வரிசையாகக் காட்டும். அதை அவளுக்கு வாசித்து விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்குகிற ஜோரில், முதுகுப்பக்கம் வந்து நின்ற வண்டியைப் பார்த்து "வா வா" என்று ஏறிவிட்டேன். ஊதல் சத்தம் கேட்டது. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே கறிவேப்பிலைப் பையோடு அவள்.

சரி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் அறிவிப்பு வந்தது. இந்த வண்டி பி லைன் வண்டி, விமான நிலையம் வரை எங்கும் நிற்காது. அந்த அறிவிப்பில் ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் இல்லை!

அவளிடம் செல்போன் கிடையாது. பணம் கிடையாது. இரண்டு பாஸ்போர்ட்டும் என் தோள்பையில். அண்ணனின் போன் நம்பர் என் சட்டைப் பையிலிருந்த டைரியில். "எல்லாம் என்கிட்டயே இருக்கட்டும், நீ எங்கேயாவது தொலைச்சிடுவே" என்று காலையில் நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். வண்டி ஸ்டேஷன்களை நிற்காமல் தாண்டிக்கொண்டே போனது. அவளுக்கு அறுபது வயது, சர்க்கரை வியாதி. முருகா என்பதைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

விமான நிலையத்தில் இறங்கி, எதிர் வண்டி பிடித்து, கார் து நோர் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. அவள் அதே பிளாட்பாரத்தில், அதே இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நீலத் தலைப்பாகை கட்டிய ஒரு சர்தார்ஜி. அவள் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்.

நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "ஏன் ஏறல? கூப்பிட்டேன் இல்ல?" இந்த வரியைத்தான் இத்தனை வருஷமாகக் கழித்துவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பதில் சொல்லவில்லை. சர்தார்ஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தொனி தெரியுமல்லவா? முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடந்ததை அவள் இரவில்தான் சொன்னாள். வண்டி போனதும் கொஞ்ச நேரம் அழுதாளாம். பிறகு கூட்டத்தில் அந்தத் தலைப்பாகை கண்ணில் பட்டது. "இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச தலை அது ஒண்ணுதான்" என்றாள். நேரே போய், "பாயி சாஹப், மேரே பதி காடி மேம் சலே கயே" என்றாளாம். கட்டட வேலை முடித்து லெ பூர்ஜே பக்கம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். போலீஸிடம் போகலாமா என்று கேட்டிருக்கிறார். பிறகு அவரே, "வேண்டாம் மாதாஜி, தொலைத்தவர் தொலைத்த இடத்துக்குத்தான் வருவார். நகராமல் இருங்கள்" என்று சொல்லி, தன் வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை என்று தெரிந்ததும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "மாதாஜின்னு கூப்பிட்டது மட்டும்தான் பிடிக்கல. நான் என்ன அவ்வளவு கிழவியா?" என்றாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

விடைபெறும்போது, ஞாயிற்றுக்கிழமை பொபிஞி குருத்வாராவுக்கு வரும்படி அவளிடம் சொல்லியிருந்தார். என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும் போனேன். கார் து நோரிலிருந்து 5ஆம் எண் மெத்ரோ. அந்தக் கோடியில் கடைசி ஸ்டேஷன் பொபிஞி - பாப்லோ பிக்காஸோ, ஒன்பதாவது நிறுத்தம். இந்த முறை அவளை முன்னே ஏற்றிவிட்டு நான் பின்னால் ஏறினேன். அங்கிருந்து வழியை அவள்தான் விசாரித்தாள், தலைப்பாகைகளைப் பார்த்து.

குருத்வாராவில் செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, தலையை மூடிக்கொள்ள வேண்டும், ஆண்களும்தான். என் வழுக்கைக்கு ஒரு காவித் துணி கிடைத்தது. உள்ளே விக்கிரகம் கிடையாது. விதானத்தின் கீழே குரு கிரந்த சாஹிப். நம் கோயில்களைப் போலவே சாமரம் வீசுகிறார்கள். 1708இல் குரு கோவிந்த சிங், தமக்குப் பிறகு இந்த நூலே குரு என்று சொல்லிவிட்டார். 1430 பக்கம். சீக்கிய குருமார்களின் பாடல்களோடு, நெசவாளர் கபீர், தையல் குலத்து நாமதேவர், தோல் தொழில் செய்த ரவிதாஸ், முஸ்லிம் பெரியவர் ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் அதிலேயே இருக்கின்றன. இரண்டு கையும் குவித்துப் பிரசாதம் வாங்கினோம். கோதுமை மாவு, நெய், சர்க்கரை. நம்மூர் அல்வாவுக்கு அண்ணன்.

பிறகு லங்கர், அதாவது பந்திச் சாப்பாடு. குரு நானக் காலத்திலிருந்து வரும் வழக்கம். யார் வந்தாலும் தரையில் ஒரே வரிசை. என் இடப்பக்கம் ஒரு ஆப்பிரிக்கத் தொழிலாளி, எதிரே ஒரு வெள்ளைக்கார மாணவி. ரொட்டி வந்தபோது பழக்கத்தில் ஒரு கையை நீட்டினேன். பரிமாறிய பையன் சிரித்துக்கொண்டே காத்திருந்தான். பக்கத்திலிருந்தவர் சைகை காட்டியதும் இரண்டு கையையும் நீட்டினேன், அப்புறம்தான் போட்டான். பள்ளியில் 'எகாலிதே' என்று சமத்துவத்துக்கு எழுத்துக்கூட்டும்போது இரண்டு இடத்தில் மேற்கோடு போட வேண்டும். ஒன்றை விட்டாலும் அடி விழும். கோட்டை நான் ஒருநாளும் விட்டதில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் சர்தார்ஜி பருப்பு வாளியை என் கையில் கொடுத்தார். அடுத்த வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அதுவரை உள்ளே ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாளாம். அவள் தட்டில் ஒரு கரண்டி ஊற்றினேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவளுக்கு நான் பரிமாறியது அதுதான் முதல் தடவை. "அன்னைக்கு என் தப்புதான்" என்றேன். அவள் தட்டைப் பார்த்தபடியே, "போதும்ங்க, கொட்டப் போகுது" என்றாள்.

என் பிரெஞ்சுக்கும் அன்று வேலை கிடைத்தது. ஒரு கிழவர் பென்ஷன் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். படித்துச் சொன்னேன், சர்தார்ஜி பஞ்சாபியில் விளக்கினார். அடுத்து ஒருவர் விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். நான்கு படிவம் நிரப்பினேன், எல்லாரும் தரையில் உட்கார்ந்தபடியே. அலுவலகத்தில் என் மேஜைக்கு முன்னால் ஒரு நாற்காலி போடலாம் என்று எனக்கு ஏன் ஒருநாளும் தோன்றவில்லை?

ஒருவர் தன் பையனைப் பற்றிச் சொன்னார். 2004இல் வந்த சட்டப்படி, பிரான்ஸின் அரசுப் பள்ளிகளில் பார்த்ததும் மதம் தெரிகிற அடையாளங்களை மாணவர்கள் அணியக் கூடாது. தலைப்பாகையும் அதில் சேர்ந்துவிட்டது. முதல் உலகப் போரில் இதே நாட்டைக் காக்கத் தலைப்பாகையோடு வந்த சீக்கியர்கள் எத்தனை பேர்! 1915இல் சண்டை நடந்த நெவ் ஷப்பேலில் இந்தியச் சிப்பாய்களுக்கு நினைவுச்சின்னமே இருக்கிறது. அவர் பையன் முடியை வெட்டிக்கொண்டு படித்தானாம். அரசையும் மதத்தையும் பிரித்து வைப்பது நல்லது என்று படித்தவன் நான். இப்போதும் அதை மறுக்கமாட்டேன். ஆனால் கார் து நோரில் அவளுக்கு வழிகாட்டியது அந்தத் தலைப்பாகைதான். அதை அவரிடம் பிரெஞ்சில் சொன்னேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

வெளியூர் போகும் வயதானவர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று விஷயம். முகவரியும் போன் நம்பரும் பணமும் இருவரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். பிரிந்துவிட்டால் கீழே நிற்பவர் நகரக் கூடாது. ஏறியவர்தான் திரும்பி வர வேண்டும். திரும்பி வந்ததும் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அரக்கோணத்தில் திருத்தணி வண்டி ஏறும்போது இப்போதெல்லாம் அவளை ஏற்றிவிட்டுத்தான் நான் ஏறுகிறேன். பையும் டைரியும் அவளிடம்.