சுடுதளத்திலிருந்து வீடு வரை: ஒரு நெடுஞ்சாலை நாட்குறிப்பு

ஜூன் 17, விழுப்புரம் சந்திப்பு

உரிமம் பெற்ற துப்பாக்கிக்கு மூன்று இருப்பிடங்கள் உண்டு: வீட்டுப் பெட்டகம், சுடுதளம், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி. பெட்டகத்துக்குப் பூட்டு இருக்கிறது. இலக்கை நோக்கிச் சுட்டுப் பழகுவதற்கென்றே மண்மேடும் தடுப்புச் சுவரும் எழுப்பி ஒதுக்கப்பட்ட இடமாகிய சுடுதளத்துக்குப் பயிற்றுநரும் பதிவேடும் உண்டு. வழிக்கு மட்டும் காவல் ஏதுமில்லை, துப்பாக்கியைக் கொண்டு செல்பவரின் விழிப்பு ஒன்றே அங்கே காவலாக நிற்கிறது.

சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 330 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, விழுப்புரம் அதன் நடுப்பகுதியில் அமைந்திருக்கிறது. சென்னை, திருச்சி ஆகிய இரு நகரங்களிலும் ரைஃபிள் கிளப்புகளும், செங்கல்பட்டை அடுத்த ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் சுடுதளமும் இருப்பதால், பயிற்சிக்கும் போட்டிக்கும் போய் வருவோரில் பலர் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்தே ஆகவேண்டும். களைத்து இறங்கித் தேநீர் குடிப்பதும் பெரும்பாலும் இந்த நாற்பது கிலோமீட்டருக்குள்தான்.

இன்றைய தேதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனுக்குப் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தார் என்பது பதிவான செய்தி. 1879இல் திறக்கப்பட்ட விழுப்புரம் – புதுச்சேரி இருப்புப்பாதையே அக்காலத்தில் அப்பிரெஞ்சு நகரைச் சென்னை மாகாணத்தின் ரயில் வழிகளோடு இணைத்தது. புதுச்சேரியைச் சுற்றி ஆங்கில அரசின் உளவாளிகள் இரவு பகலாகக் கண்விழித்திருந்தும், பெல்ஜியத்தில் செய்யப்பட்ட ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கி மணியாச்சி வரை போய்ச் சேர்வதை அவர்களால் தடுக்க முடியவில்லை. அச்செயலின் நோக்கம் இங்கே ஆராயப்படவில்லை. வழியில் இறங்கிவிட்ட ஆயுதத்தை ஒரு பேரரசாலும் கண்டுபிடிக்க இயலாது என்ற உண்மையே இங்கே கருதத் தக்கது. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைகளுக்குத் தண்டவாளம் பிரியும் இந்தச் சந்திப்பில் கைமாறிய பை, அரை மணி நேரத்துக்குள் எந்தத் திசையிலும் போய்விடலாம்.

ஜூலை 15, திண்டிவனம்

2016ஆம் ஆண்டு இதே நாளில் புதிய ஆயுத விதிகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுக்குத் தாயான ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டினது. பயணத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டும் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: உரிமம் ஆளுக்குத் தரப்படுகிறது, அவருடைய காருக்கோ ஓட்டுநருக்கோ அல்ல. பொது இடத்தில் கொண்டு செல்லும் துப்பாக்கி அதற்குரிய உறையிலோ பையிலோ முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பதோடு, கொண்டு செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்கவேண்டும் என்று விதி கூறுகிறது. ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லுக்குக் கைக்கெட்டும் தூரம் என்று பொருள் கொள்வதே பாதுகாப்பானது.

உரிமம் இல்லாத வேறொருவர் துப்பாக்கியைச் சுமக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு ஒரு சிறு விலக்கு அளிக்கிறது: பழுதுபார்ப்பதற்கோ, உரிமத்தைப் புதுப்பிப்பதற்கோ, உரிமதாரரே பயன்படுத்துவதற்கோ, அவர் முன்னிலையில் அல்லது அவர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தின்பேரில் சுமக்கலாம். “தம்பி, வண்டியிலேயே இரு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்” என்று ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் பழக்கம் இந்த விலக்குக்குள் எளிதில் அடங்காது. அங்கே முன்னிலையும் இல்லை, எழுத்தும் இல்லை. உரிமத்தின் நிபந்தனைகளை மீறினால் 30ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமத்தை நிறுத்தி வைக்கவும் திரும்பப் பெறவும் 17ஆம் பிரிவு இடம் தருகிறது.

0.177 அங்குலக் குழல் அளவுக்குள்ளும், குண்டு வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் அமைந்த காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஆயினும் பத்து மீட்டர் போட்டிக்கான ஏர் ரைஃபிளின் நீண்ட பையைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது காற்றுத் துப்பாக்கியா, தோட்டா போடும் ‘பாயிண்ட் டூ டூ’ ரைஃபிளா என்று தெரியப்போவதில்லை. ஆகவே உரிமம் வேண்டாத துப்பாக்கிக்கும் அதே விழிப்பு வேண்டும்.

ஜூலை 27, விக்கிரவாண்டி

2022 ஜூலை இறுதி வாரத்தில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் 47ஆவது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தபோது, நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டதால் இவ்விளையாட்டு தமிழ்நாட்டின் கடைக்கோடி வரை பேசப்பட்டது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் புதுக்கோட்டைத் தொண்டைமான் வழிவந்த பிருத்விராஜும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் களமிறங்கியபின், பயிற்சிக்கு வரும் இளைஞர் வட்டமும் விரிந்திருக்கிறது. விளையாட்டு வளர்வது நல்லது. அதனோடு சாலையில் பயணம் செய்யும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் வளர்கிறது என்பதை அவ்வட்டம் மறந்துவிடக் கூடாது.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியை ஒட்டிய சாலையோர உணவகங்களின் முற்றம் இப்பொருளைக் கற்பதற்கு ஏற்ற இடம். ஆம்னி பஸ்களும் கார்களும் வரிசையாக நிற்க, ஏறுவோரும் இறங்குவோரும் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருக்க, யார் எந்த வண்டியின் கதவைத் திறந்தாலும் அது அவருடைய வண்டியாகவே கருதப்படுகிறது. பின்கதவு கண்ணாடியோடு மேல்நோக்கித் திறக்கும் சிறிய கார்களில் பின்னிருக்கையை மடக்கிக் குறுக்காகக் கிடத்திய நீண்ட பையும், அதன்மேல் போர்த்திய துண்டும் கண்ணாடி வழியே தெளிவாகத் தெரிகின்றன. போர்த்திய துண்டே உள்ளே மதிப்புள்ள பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. பின்கண்ணாடியில் ஒட்டிய கிளப்பின் சின்னம் அது என்ன பொருள் என்பதையும் சொல்லிவிடுகிறது. மூலைக் கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கப் பழகிய கைக்கு ஒரு குவளைத் தேநீர் ஆறும் நேரம்கூடத் தேவைப்படாது.

கார் என்பது சக்கரம் வைத்த கண்ணாடிப் பெட்டியே தவிரப் பெட்டகம் அல்ல. தனியார் துப்பாக்கிகள் மிகுந்த அமெரிக்காவில், காவல்துறைகளிடம் பதிவாகும் துப்பாக்கித் திருட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை நிறுத்திவைத்த வாகனங்களிலிருந்தே நடப்பதாக அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழ்நாட்டில் துப்பாக்கிகள் மிகக் குறைவு. ஆனால் கார்க் கண்ணாடியை உடைத்துப் பணப்பை, மடிக்கணினிப் பை திருடும் வழக்கம் இங்கே புதிதன்று. அத்தகைய திருடன் துப்பாக்கியைத் தேடி வருவதில்லை, பையைத் தேடி வருகிறான். திறந்து பார்த்தபின்பே அவன் கையில் ஆயுதம் இருப்பது அவனுக்கே தெரிகிறது. அச்சத்தில் ஏரிக்கரைப் புதரில் எறிந்துவிட்டால் அது ஆடு மேய்க்கும் சிறுவர் கையில் அகப்படலாம். எறியாமல் விற்றால் அது யார் கைக்குப் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது.

எனவே நடைமுறை எளிது. இருவராகப் பயணம் செய்து முறைவைத்து உண்பது முதல் வழி. தனியாகச் செல்பவர் பையைத் தோளிலிட்டு உடன் எடுத்துச் செல்வது இரண்டாம் வழி. கட்டுச்சோற்றோடு கிளம்பி இறங்காமலே வீடு சேர்வது எல்லாவற்றிலும் மேலான வழி.

ஆகஸ்ட் 9, விழுப்புரம் பேருந்து நிலையம்

பேருந்திலும் ரயிலிலும் வரும் மாணவ விளையாட்டு வீரர்களுக்குத் தொல்லை வேறு வகையானது. “உங்கள் பணம் கீழே விழுந்து கிடக்கிறது” என்று பத்து ரூபாய்த் தாள்களைக் காட்டுவதும், சட்டையில் அழுக்கைத் தெளித்துவிட்டுத் துடைக்க உதவுவதுபோல் நெருங்குவதும், வண்டிச் சக்கரத்தில் காற்று இல்லை என்று கூவி ஓட்டுபவரை இறக்குவதும், காவல்துறை ‘கவனத்தைத் திசைதிருப்பித் திருடுதல்’ என்று பெயரிட்டிருக்கும் குற்றத்தின் பழகிய வடிவங்கள். இம்மூன்றிலும் திருடப்படுவது முதலில் கண், பிறகே பொருள். தலைக்கு மேலுள்ள அடுக்கில் வைத்த பையை உறங்குகிறவர் காக்க முடியாது. ரயிலில் இருக்கைக்கு அடியில் சங்கிலியிட்டுப் பூட்டுவதும், பேருந்தில் கால்களுக்கு இடையே நிறுத்திக் கைப்பிடியை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதும் மூத்த வீரர்கள் இளையோருக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம்.

திருட்டை முற்றும் தடுக்க இயலாதபோதும், திருடியதைப் பயனற்றதாக்க இயலும். ரைஃபிளின் ‘போல்ட்’ என்பது தோட்டாவைக் குழலின் பின்வாயில் அடைத்து, அதை வெடிக்கச் செய்யும் ஊசியைத் தன்னுள் தாங்கும் உருளை உறுப்பு. அதைக் கழற்றித் தனியாக உடலோடு ஒட்டிய சிறு பையில் வைத்துக்கொண்டால் மிச்சமிருப்பது கட்டையோடு கூடிய இரும்புக் குழாய் மட்டுமே. இரட்டைக்குழல் துப்பாக்கியில் குழலையும் கட்டையையும் பிணைத்து நிறுத்தும் முன்கட்டைக்கும் இதே முறை பொருந்தும். தோட்டாக்கள் எந்நிலையிலும் துப்பாக்கியோடு ஒரே பையில் பயணிக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் சுடுதளத்திலேயே குழலை வெறுமையாக்கி, மீதத் தோட்டாவை எண்ணி எழுதிக்கொண்டு கிளம்புபவருக்கு, வழியில் குறைந்தது எத்தனை என்பதை உடனே சொல்ல முடியும்.

சொல்லாமல் இருப்பதும் காவலில் ஒரு பகுதி. புதிய துப்பாக்கியோடு எடுத்த படத்தைச் சுடுதளத்தின் வாயிலில் இருந்தே கைபேசி வழியாக ஊருக்கெல்லாம் அனுப்புவதும், ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் திரும்புவதும், பின்தொடர எண்ணுபவருக்கு நேரத்தையும் இடத்தையும் எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஒரே வண்டி திண்டிவனம் முதல் கூட்டேரிப்பட்டு வரை விடாமல் பின்னால் வருவது தெரிந்தால், வீட்டுக்குச் செல்லும் தெருவில் திரும்பாமல், அருகிலுள்ள காவல் நிலையத்தின் வாயிலில் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை.

ஆகஸ்ட் 26, திண்டிவனம்

வழியில் நடந்த ஆயுதத் திருட்டுகளில் இந்திய வரலாறு நன்கு அறிந்தது கல்கத்தாவில் 1914ஆம் ஆண்டு இதே நாளில் நடந்தது. ராடா என்ற ஆயுத வணிக நிறுவனத்துக்கு வந்திறங்கிய 202 பெட்டிகளைச் சுங்க அலுவலகத்திலிருந்து மீட்ட அந்நிறுவனத்தின் எழுத்தர், 192 பெட்டிகளை மட்டும் கிடங்கில் சேர்த்துவிட்டு, மீதத்தை எடுத்து வருவதாகச் சொல்லிச் சென்றவர் திரும்பவே இல்லை. காணாமற்போன பத்துப் பெட்டிகளில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. அவை வங்கப் புரட்சியாளர்களின் கைக்குப் போயின. 1918இல் வெளியான ரௌலட் குழுவின் அறிக்கை, அவற்றில் 44 துப்பாக்கிகள் உடனுக்குடன் ஒன்பது குழுக்களுக்குப் பங்கிடப்பட்டதையும், பிற்காலத்தில் 54 நிகழ்ச்சிகளில் அவை பயன்பட்டதையும், 31 மட்டுமே மீட்கப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறது.

நாட்டு விடுதலைக்கென்று துணிந்தவர்களின் அச்செயலை இன்றைய களவோடு ஒப்பிடுவது முறையன்று. ஆனால் காவல் தளர்ந்த இடம் எது என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. சுங்க அலுவலகத்திலும் காவல் இருந்தது, கிடங்கிலும் காவல் இருந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு தொலைவுக்கு ஒருவரை நம்பி விட்டதே போதுமானதாக இருந்தது. அதைவிடக் கவனிக்கத் தக்கது, அந்நிறுவனம் மூன்று நாள் கழித்தே காவல்துறையிடம் போயிற்று என்பது. அந்த மூன்று நாளில் பெட்டிகள் பிரிக்கப்பட்டுப் பலவழி போய்விட்டன.

திண்டிவனத்தின் அமைப்பு இதை இன்னும் உறைக்கச் செய்கிறது. சென்னைச் சாலை, விழுப்புரச் சாலை, புதுச்சேரிச் சாலை, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைச் சாலை, மரக்காணச் சாலை எல்லாம் இவ்வூரில் பிரிகின்றன. ஒரு மணி நேரப் பயணத்தில் புதுச்சேரி எல்லையைக் கடந்தால் வேறோர் ஆட்சிப் பகுதியின் காவல்துறை தொடங்குகிறது. இங்கே மூன்று நாள் தாமதம் என்பது நினைத்துப் பார்க்கவே முடியாதது. மூன்று மணி நேரமே அதிகம்.

ஆகஸ்ட் 31, விழுப்புரம்

துப்பாக்கியைப் பறிகொடுத்தவர்கள் புகார் தரத் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்கமும், உரிமம் போய்விடுமோ என்ற அச்சமும்தான். ஆனால் திருட்டையோ இழப்பையோ உடனே அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று. மறைப்பவர் திருடனுக்கு நேரத்தைக் கொடுப்பதோடு, தாமும் குற்றத்துக்கு உள்ளாகிறார். பை எங்கே களவாடப்பட்டது என்று தெரியாவிட்டாலும் கவலையில்லை: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பெற்றுப் பதிய வேண்டும். ‘ஜீரோ எப்.ஐ.ஆர்.’ என்று வழங்கும் இம்முறையால், விக்கிரவாண்டியில் தொலைந்ததைச் செங்கல்பட்டில் உணர்பவர் செங்கல்பட்டிலேயே புகார் தரலாம். சாலையில் 112, ரயிலில் 139 என்ற எண்களை அழைக்கலாம். துப்பாக்கியின் தொடர் எண், உரிமத்தின் தனி அடையாள எண், குழலிலும் கட்டையிலும் உள்ள அடையாளங்களின் படம் ஆகியவற்றைப் பையில் அல்லாமல் வீட்டில் ஒரு படியும் கைபேசியில் ஒரு படியுமாக வைத்திருப்பவரே அந்நேரத்தில் பதற்றமின்றிப் பேச முடியும்.

உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 2019ஆம் ஆண்டின் திருத்தம் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்று தண்டனையைக் கூட்டியிருக்கிறது. அது திருடியவனுக்கும் வாங்கியவனுக்கும் உரிய தண்டனை. அத்துப்பாக்கியால் பின்னொரு நாள் ஓர் உயிர் போகுமானால், அதற்கு ஈடு செய்யும் சட்டம் எந்த நாட்டிலும் இல்லை. ஆகவே சுடுதளத்திலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும், இலக்கில் பதிந்த கடைசிக் குண்டோடு அன்றைய பயிற்சி முடிந்துவிட்டதாக எண்ணாமல், வீட்டுப் பெட்டகத்தின் சாவியைத் திருப்பும் வரை அது தொடர்வதாகக் கருதவேண்டும்.