தண்ணீர் கேட்காத தங்கப்பூ

மதுரையிலிருந்து வரும் ரயில் சாத்தூரைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், சகோதரிகளே. கோடையில் கோவில்பட்டிக் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பச்சை என்றால் வேலிக்கருவைதான். அதற்கு நடுவே வரப்போரமாய் மஞ்சள் மஞ்சளாகச் சிரிக்கிறதே, அதுதான் ஆவாரஞ்செடி.

சென்ற கோடையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த ரோஜாத் தொட்டிகள் ஆறும் காலி! குடிதண்ணீரையே குடம் குடமாகப் பிடித்து வைக்கும் வீட்டில் ரோஜா என்ன செய்யும், பாவம். ஆனால் மதிலோரம் ஓர் ஆவாரஞ்செடி இடுப்பளவு வளர்ந்து பூத்துக் குலுங்கியது.

"இதுக்கு மட்டும் யாரு அத்தை தண்ணி ஊத்துறது?"

"நான் எங்க தாயி ஊத்துறேன்? மானம் பாத்து ஊத்துறதுதான். ஆடுகூட வாய் வைக்காது" என்றார் அத்தை. "முன்னெல்லாம் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வரப்புல ஒடிச்சுட்டு வருவோம். இப்ப ரோட்டை அகலமாக்கி, வரப்பையும் வழிச்சுப்புட்டாங்க. பஜார்ல காசு குடுத்து வாங்குறோம். அதான் விதை போட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. சங்கப் புலவர்கள் 'ஆவிரை' என்று பாடிய பூ இது. தோல் பதனிட இதன் பட்டையைத்தான் உரித்தார்கள். தெலுங்கில் 'தங்கேடு', 2014-இல் பிறந்த தெலங்கானா இதையே மாநில மலராக வைத்துக்கொண்டது. ஸ்காட்லாந்தின் சத்தில்லாத மேட்டு நிலங்களில் ஹெதர் என்ற குறுஞ்செடி ஊதாப் பூவாய்ப் பூக்கிறது. அதை அவர்கள் வீட்டுத் தோட்டத்திலும் பெருமையாக வளர்க்கிறார்கள். நாமோ ஆவாரையைக் களை என்று வெட்டுகிறோம்!

வளர்ப்பது சுலபம். முற்றிய விதையைச் சுடுநீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து, ஐப்பசி மழையை ஒட்டி நேராக மண்ணில் ஊன்றுங்கள். நல்ல வெயில் படும் இடமாக இருக்கட்டும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி. பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். முதல் வருஷம் மட்டும் கொஞ்சம் தண்ணீர் காட்டினால் போதும். பூத்து ஓய்ந்ததும் நுனிகளை வெட்டிவிட்டால் புதராகக் கிளைக்கும்.

பூவை நிழலில் உலர்த்திக் கஷாயம் போட்டுக் குடிப்பவர்கள் உண்டு. ஆனால் அதை நம்பி, சர்க்கரை வியாதிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

புறப்படும்போது அத்தை ஒரு பிடி விதையைத் துணியில் முடிந்து கொடுத்தார். "தொட்டியில போடாத தாயி, தரையில போடு. அது பாட்டுக்கு வளரும்."