இரண்டாவது ஊசி

மாடிக் குடித்தனக்காரர்கள் காலி செய்தபோது கூண்டோடு விட்டுச்சென்ற கினிப்பன்றி (கினியுமில்லை, பன்றியுமில்லை, ஆண்டிஸ் மலைப் பிராணி) இப்போது என்னிடம். முதுகில் மயிர் கொட்டி, சொறிந்து சொறிந்து ரணமாகியிருந்தது. தோலுக்குள் வளை தோண்டும் பூச்சி என்றார் மிருக வைத்தியர். ஐவர்மெக்டின் ஒரு ஊசி; முட்டைகள் பொரித்துவிடுமாதலால் இரண்டு வாரத்தில் இன்னொன்று. உணவில் உயிர்ச்சத்து ‘சி’ வேண்டும். மனிதனைப்போல் இதுவும் அதைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத பிறவி. இந்த ஒற்றுமையால்தான் 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் தானியம் மட்டுமே போட்டு இதன் இனத்துக்கு ஸ்கர்வி வரவழைக்க முடிந்தது. 

மருந்துக்காகத் தூக்கினால் கீச்சிட்டு அலறுகிறது. அவர்கள் கைக்கும் என் கைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத்தான் தெரியும். அதற்கு இரண்டும் கைதான். குடமிளகாய்த் துண்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் நின்றுகொள்கிறேன். கொறிக்கிற சத்தம் கேட்கிறது.